பின் இருக்கைக்கும் சேர்த்து

ஜாக்கெட் வாங்கணும் என்றேன்.
"எந்தச் சேலைக்கு?" என்று சிரித்தாள் எப்சிபா.
பிறகு என் முழங்கையைப் பார்த்தாள்.
பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஆம்பூர் பைபாஸ் ஓரம்
சிப்கத்துல்லா பாய் கடையில்
இரண்டு தொங்கின.
ஒன்று தோல். கறுப்பு.
அதன் எடைக்கு ஆணியே கொஞ்சம் வளைந்திருந்தது.
மற்றது துணி. சாம்பல் நிறம்,
மார்பில் சல்லடைக் கண்கள்,
ஃபேன் காற்றுக்கே கையை ஆட்டிக்கொண்டு
யாரையோ கூப்பிடுவதுபோல்.

போன ஐப்பசித் தூறலில்
பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி
மணல் லாரி சிந்திவிட்டுப் போன இடத்தில்
விழுந்தேன்.
பெட்டியில் முப்பத்தொரு குப்பி,
யார் யாருடைய ரத்தமோ,
வேலூர் லேபுக்குக் காலை ஏழுக்குள் சேரவேண்டியது.
ஒன்றுகூட உடையவில்லை.
என் வலது முழங்கைதான் ரோட்டில் இருந்தது.
தொடையில் உரித்து அங்கே ஒட்டினார்கள்.
கட்டுப் போட்ட சின்ன டாக்டர் சொன்னான்:
"இனிமே ஏதாவது போட்டுட்டு ஓட்டுங்க சார்."
அன்றைக்கும் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.
பாப்ளின்.

"லெதர்னா ரோடு மொதல்ல இதைத் தேய்க்கணும்,
அப்புறம்தான் உங்கள.
துணி, தார்ச் சூட்டுல உருகிடும் தம்பி"
என்றார் பாய்.
ஜெர்மனிக்குப் போகவேண்டிய சரக்காம். போகவில்லை.
போட்டுப் பார்த்தேன்.
அங்கே யாருக்கோ அளவெடுத்த கை
என் விரல்நுனிவரை வந்து நின்றது.
வெளியே கத்திரி வெயில்.
ஐந்து நிமிடத்தில்
நான் வேகிற வாசனை எனக்கே வந்தது.
ஆனாலும் கண்ணாடியில் நின்றவன்
விழமாட்டான் போலிருந்தது.
விழுந்தாலும் எழுந்து தட்டிவிட்டுக்கொள்வான்.

எப்சிபா துத்திப்பட்டுக் கம்பெனியில்
ஃபினிஷிங் செக்‌ஷன். பதினோரு வருஷம்.
என்னை ஆள் மாதிரிப் பார்க்கவில்லை அப்போது;
கையைத் திருப்பினாள், கட்டைவிரலால் அழுத்தி
வெளிச்சத்துக்குச் சாய்த்தாள்.
"முள்வேலி" என்றாள்.
"இதான் ரிஜெக்ட் ஆயிருக்கு."

ஆறிப்போன ஒரு கீறல்.
எந்தக் கொல்லையில், எந்தப் பசியில்
எதை எட்டப் போய் உரசிக்கொண்டதோ.
வலது முழங்கையில்.

அதற்காகவே வாங்கிவிடலாம் என்றிருந்தது எனக்கு.
பிறகு, ஏற்கெனவே ஒருமுறை கிழிந்ததை
என் பொருட்டு இன்னொருமுறை
ரோட்டில் போடுவதா என்றும்.
இதையெல்லாம் பாயிடம் சொல்லமுடியுமா?
விலை கேட்டேன்.

அவள் மனக்கணக்குப் போடுவது
உதட்டில் தெரியும்.
"நாள் பூரா இந்த வாசனதான் மூக்குல.
சாயங்காலம் வண்டியில
உன் முதுகுலயும் இதே வேணுமா?"
நான் பேசவில்லை.
"இது ஒண்ணு வாங்குற காசுக்கு
அதுல ரெண்டு வரும்.
விழுந்தா முன்னாடி உக்காந்தவன் மட்டுமா
விழுவான்?"

பாய் ஆணியைப் பார்த்தார்.
ஆணி என்னைப் பார்த்தது.

லேடீஸ் சைஸ் கிடையாது.
ஆம்பிளை ஸ்மாலில் கையை இரண்டு மடிப்பு மடித்து,
சேலைக்கு மேல் ஜிப் இழுத்து,
தோளில் வைத்த தட்டைத் தட்டிப் பார்த்து,
"கேரம்போர்டு மாதிரி இருக்கு" என்றாள்.
மாதனூர்வரை
காற்று என் மார்பில் நுழைந்து
அவள் வழியாக வெளியே போனது.
சிக்னலில் ஒரு பொடியன்
"அண்ணா, எந்த ஊர் போலீஸ்?" என்று கேட்டான்.
உருகும் என்று பாய் சொன்னது
ஒவ்வொரு வளைவிலும் வருகிறது.
ஐம்பதைத் தாண்டுவதில்லை.

திங்கட்கிழமை ஷிஃப்ட் முடிந்து வரும்போது
கேட்டில் நிறுத்தினாராம் நாகபூஷணம்.
உள்ளேயிருந்து ஒரு துண்டு வெளியே போகக்கூடாது;
எல்லார் பையையும் கொட்டிப் பார்ப்பவர்.
அவள் கையைப் பிடித்து
மடிப்பை நசுக்கி, உரசி, முகர்ந்து
விட்டுவிட்டாராம்.

"இதுல தோல் எதுவும் இல்லம்மா.
நீ போ."